நீடாமங்கலம் கேட்டில்

ரயில்வே கேட் மூடியிருந்த இருபது நிமிடத்தில்
ஆல்பம் முழுக்க போனில் இறங்கிவிட்டது.
நூற்றிருபது ரூபாய்தான்.
யார் யார் வாசித்தார்கள் என்று மட்டும்
எங்கே தேய்த்தும் வரவில்லை.

சிடி, உர வண்டியில் ஓடும்.
வெண்ணாற்றுப் பாலத்துப் பள்ளத்தில்
மூன்றாம் பாட்டிலிருந்து ஐந்துக்குத் தாவும்.
உள்தாளில் எறும்பெழுத்து.
என் கண்ணாடி வீட்டில்.

இசைத்தட்டு இரண்டாயிரத்து எண்ணூறு.
சுழற்ற மெஷின் என்னிடம் இல்லை,
கடைத்தெருவில் எவனிடமும் இல்லை.
வாங்கினேன்.
பின் அட்டையை நின்ற இடத்திலிருந்தே படிக்கலாம்:
தவில், பூவனூர் சாரநாதன்.

போன குறுவைக்கு எடுத்த
ஒன்பது மூட்டை யூரியா
அதே பெயரில்தான்
கடன் நோட்டில் நிற்கிறது.

கல்லாவுக்கு மேலே, பின்பக்கம் தெரிய மாட்டினேன்.
வந்தான். இரண்டு தடவை படித்தான்.
"எவ்வளவுடா?"
"யூரியாவா, இதுவா?" என்றேன்.