பக். 41

பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
அட்டவணை இருந்தால் இருபத்தைந்து.
அடிக்குறிப்புக்குத் தனியாக வாங்குவதில்லை,
வாங்கியிருக்கலாம்.

காட்பாடி, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து,
மருந்துக்கடை மாடியில் என் கணினி.
எழுபது சொச்சம் முனைவர்களை
இங்கே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.
ஒருவரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை.
ஆனாலும் தெரியும்:
நூலின் பெயர் சாய்வெழுத்தில்,
ஆண்டு பிறை அடைப்புக்குள்,
மேலது என்றால் சற்றுமுன் சொன்ன அதே நூல்.
மேலதுக்கு மேலே ஒன்றுமே இல்லாமல்
வருகிறவர்களும் உண்டு.

பாலாற்று ஊற்றுக்கால்வாய்கள் பற்றிப்
பழைய அறிக்கை ஒன்று.
அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தை
வாணியம்பாடி தஸ்லீமா மேற்கோள் காட்டினாள்.
அடுத்த கோடையில் சோளிங்கர் நரசிம்மலு.
பிறகு பெயர் மறந்த இருவர்,
அதில் ஒருவர் மெயிலில் அனுப்பி
மெயிலிலேயே வாங்கிக்கொண்டார், முகம்கூடத் தெரியாது.
எல்லோருக்கும் பக். 41.
அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று
அந்தப் பக்கத்தின்மேல் எனக்கு
ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இந்த மே மாதம்,
ஃபேன் காற்றே அனலாய் இறங்கிய மதியத்தில்
கலவை ஜெபசெல்வி படியேறி வந்தாள்.
கையில் அந்த அறிக்கையின் ஜெராக்ஸ்.
சென்னைக்கு இரண்டு முறை ரயிலேறி
யாரோ ஒரு கிளார்க்கிடம் கெஞ்சி வாங்கியது.
"அக்கா, இது முப்பத்தாறோட முடிஞ்சுடுதே."

முடிந்துதான் போகிறது.
முப்பத்தாறில் ஒரு வரைபடம், அச்சகத்தின் பெயர்,
அப்புறம் வெறும் அட்டை.
அவள் தேடிய வாக்கியம்
பதினாலாம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

பதினாலு.
நாற்பத்தொன்று.

சேரைத் தள்ளிவிட்டு எழுந்து
பரணிலிருந்து காகிதக் கட்டை இறக்கினேன்.
கையெழுத்துப் பிரதிகளை நான் எறிவதில்லை,
பாக்கி வைத்தவர்களுடையதை.
குடியாத்தம் ஏகாம்பரம், முந்நூறு ரூபாய்.
நீல மையில், சுத்தமாக: பக். 14.

அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது.
பாமினி எழுத்துருவில் மூன்றாம் முறையாக
அதே தாளை அடித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு விரல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.
அவர் ஒருவர் அறிக்கையைப் படித்திருந்தார்.
மற்றவர்கள் என்னைப் படித்திருக்கிறார்கள்.

ஜெபசெல்வியிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"இத எப்படி எழுதறது?" என்றாள்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினோம்.
நூலுக்கு உண்டு, இதழுக்கு உண்டு,
கல்வெட்டுக்கும் ஓலைக்கும்கூட உண்டு,
தவறி அடித்த விரலுக்கு இல்லை.
கடைசியில் நேர்ப்பேச்சு என்கிற தலைப்பின் கீழ்
கொஞ்சம் இடம் கிடைத்தது.

முந்தைய ஆய்வேடுகளில் உள்ள பக். 41
தட்டச்சுப் பிழை. சரியான பக்கம் 14.
தகவல்: மு. ரேணுகாம்பாள், தட்டச்சர்,
காட்பாடி. நேர்ப்பேச்சு.

என் பெயரை நானே அடித்தேன்.
தலைப்பெழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.
பிறகு முகப்புத் தாளுக்கு வந்து
நெறியாளர் பெயரைக் கேட்டேன்.
"முனைவர் தா. ஏகாம்பரம்."

பத்து நாள் கழித்துத் திருத்தப் பிரதி வந்தது.
ஏடு முழுக்கச் சிவப்பு மை.
இரண்டாம் இயலில் பாதியை அடித்திருந்தார்.
தாள்களைத் தள்ளித் தள்ளி
அந்த அடிக்குறிப்புக்கு வந்தேன்.
அடிக்கவில்லை.
ஓரத்தில் அதே சுத்தமான கையெழுத்து:
நேர்ப்பேச்சுக்குத் தேதி தேவை.
நாள், மாதம், ஆண்டு சேர்க்கவும்.

சேர்த்தேன்.

முந்நூறு ரூபாயைப் பற்றி
எங்கும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.