கால் திருகு

வண்டி தருவதே எண்பது வாட்தான் அக்கா
என்றான் சீனி அசன்.
ஹெட்லைட் தின்றது போக, பேட்டரி தின்றது போக,
ஹாரனுக்கு ஒரு வாய் வைத்தது போக
மிச்சம் நாற்பது.
ஒன்றுக்கு இருபதாக இரண்டு விளக்கு.
அதற்கு மேல் ஆசைப்பட்டால்
வழியில் நின்று நண்டுக்கு விசிறணும்.

பரமக்குடியில் வெட்டி ஒட்டிய வண்டி.
முன்பாதி பழைய பைக்,
பின்பாதி இரண்டு சக்கரமும் ஒரு இரும்புத் தொட்டியும்.
தொட்டியில் நனைந்த சாக்கு,
சாக்குக்குள் வாலிநோக்கத்துக் களிநண்டு.
ஏர்வாடி போய்ச் சேரும்வரை உயிரோடு இருந்தால்தான் விலை.

ஐப்பசி அமாவாசையில்
நடுரோட்டில் நின்றபடி தூங்கிய கழுதையை
அதன் மூச்சு என் கைமேல் படும்போதுதான் பார்த்தேன்.
ஒடித்தேன்.
கழுதை எழவே இல்லை, நின்றுகொண்டுதானே இருந்தது.
கவிழ்ந்தது நான்.
கொடுக்கைக் கட்டியிருந்தோம், காலைக் கட்டவில்லை.
கிலோ எழுநூறு ரூபாய்
பக்கவாட்டில் நடந்து
உப்பளத்துக்குள் இறங்கிப் போனதை
செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சளே போடு, மார்கழிப் பனியைக் கிழிக்கும் என்றான்.
ரிலே, ஃபியூஸ், இடது கைப்பிடியில் ஒரு சுவிட்ச்.
உப்புக்காற்று செம்பைத் தின்னும் என்று
முடிச்சுக்கு முடிச்சு கிரீஸ் அப்பினான்,
புண்ணுக்கு மருந்து வைப்பவன் போல.

மக்ரிப் முடிந்து வந்து
ஐஸ் கம்பெனிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டான்.
பாரம் ஏறாமல் குறி வைக்கக் கூடாதாம்.
பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்.
நண்டுக்குப் பதிலாக
லோடுமேன் மிக்கேலும் அவன் மச்சினனும் ஏறி உட்கார்ந்தார்கள்.
ஆளுக்கொரு டீ கேட்டார்கள்.
இன்னும் கீழே, இன்னும், நிறுத்து என்று
அவர்களும் கத்தினார்கள்.
எதிரே வருகிறவன் நெஞ்சுக்குக் கீழே,
கழுதை முட்டிக்கு மேலே,
அதுதான் கணக்கு என்றான் அசன்.

அன்று ராத்திரி
இத்தனை வருஷம் இடுப்பால் படித்த பள்ளங்களை
முதன்முதலாகக் கண்ணால் படித்தேன்.
சீமைக்கருவேலத்துக்கு அடியில் ஒரு நரி,
தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள்,
மைல்கல்லில் யாரோ அழித்த யாரோ ஒருவரின் பேர்.
கழுதைகள் ஓரமாய் ஒதுங்கி நின்றன.
அவற்றுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

சாலை கடலுக்குத் திரும்பும் வளைவில்
வெளிச்சம் ரோட்டை விட்டுத் தண்ணீரில் நடந்தது.
தூரத்தில்,
கடலிலிருந்து,
இரண்டு முறை ஒரு டார்ச் மின்னியது.

நிறுத்தினேன்.
எஞ்சின் செத்த வள்ளமா,
கடலட்டை ஏற்றிக்கொண்டு கரையில் ஆள் தேடும் வள்ளமா,
சும்மா ஒருவன் சும்மா அடித்தானா.
சுவிட்சை அணைத்தேன்.
இருட்டு முன்பைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.
பெருவிரல் தானாகவே போட்டது, அணைத்தது, போட்டது.
ரிலே மட்டும் டிக் டிக் என்றது.
கடல் மூன்று முறை மின்னியது.
எனக்கு அந்தப் பாஷை தெரியாது.
நண்டு கனத்துக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் எடை மேடையில் இரண்டு கதை.
கரையில் எவனோ காட்டிய வெளிச்சத்தைப் பிடித்து
பாறைக்குத் தப்பி ஒரு வள்ளம் வந்து சேர்ந்ததாம்.
கடலுக்குச் சிக்னல் கொடுத்த
மஞ்சள் விளக்கு வண்டியைக்
கடலோரப் போலீஸ் விசாரிக்கிறதாம்.
இரண்டையும் சொன்னது ஒரே வாய்.
இரண்டிலும் வண்டி ஓட்டியது ஆண்.
நான் சில்லறையை எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் அசன் கடை.
விளக்கு மேலே தூக்குதா என்றான்.
வளைவில் கொஞ்சம் என்றேன்.
ஸ்பானரை எடுத்தான்.
அரைத் திருகு இறக்கட்டுமா?
வேண்டாம் என்றேன்.
அவன் ஸ்பானரைக் கீழே வைத்த பிறகு,
கால் திருகு என்றேன்.