அருந்ததி காட்டுதல்

லென்ஸைக் கழற்றியதும் கமராவின் முகம்
பல்செட் எடுத்த வாய்போல இருந்தது.
இருபத்தாறு வருடம் பதினான்கு அடிக்கு அப்பால்
எதையும் பார்த்ததில்லை இது.
லென்ஸின் வளையத்தில் படுத்த எட்டாய் முடிவிலிக் குறி.
அதுவரை திருப்ப
ஒரு கல்யாணத்திலும் தேவை வரவில்லை.

படகு மோட்டரின் பழைய அலுமினியப் புஷ் ஒன்றை
லேத்தில் கடைந்து ஜவாத் வளையம் செய்தான்.
ஒரு பக்கம் கமராவின் மூன்று காது,
மறுபக்கம் தொலைநோக்கியின் மரை.
"கால் மில்லிமீற்றர் சரிந்தால்?"
"அந்தப் பக்க நட்சத்திரம் எல்லாம் வால் முளைக்கும்," என்றாள் நிரஞ்சலா.
காசு வாங்கவில்லை. படம் வந்தால் ஒரு பிரதி கேட்டான்,
கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்ட.

நிலாவெளி உப்பளத்து வரம்பு.
வைகாசி, கச்சான் அடங்கின நேரம்.
கமரா இரண்டரைக் கிலோ.
பஸ்ஸில் நித்திரைகொள்பவரின் தலையைப் போல
குழாய் பின்பக்கம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.
வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச்
சாக்ஸில் போட்டு முன்பக்கம் தொங்கவிட்டோம்.

துருவ நட்சத்திரம் இங்கே
நீட்டிய கையின் முட்டிக்குள் மறைந்துவிடும்.
குச்சவெளிப் பக்கம், பனைகளுக்கிடையில்,
இருக்கிறதா இல்லையா என்று ஒரு புள்ளி.
அச்சை அதற்கு நேர்ப்படுத்தவே ஒரு மணித்தியாலம்.

எதை எடுப்பது?
அருந்ததி, என்றேன்.
"தொழில் புத்தி!" என்று சிரித்தாள்.

உண்மைதான்.
காலை பத்தரைக்கு, மண்டபத்துக் கூரைக்குக் கீழே,
மாப்பிள்ளை விரல் நீட்ட, பெண் நிமிர,
ஐயர் என் பக்கம் திரும்பி "எடுத்தாச்சோ?" என்று கேட்க,
ஆயிரம் தடவையாவது எடுத்திருப்பேன்.
விரல் இருக்கும். அட்டியல் இருக்கும். மின்விசிறி இருக்கும்.

எனக்கும் காட்டினார்கள்.
"தெரியுதா?"
தெரியுது என்று தலையாட்டினேன்.
அந்தப் படம் எடுத்தது வேறொருவர்,
ஃபோகஸ் என் முகத்தில் இல்லை.

கமராவின் உள்கண்ணாடியை முதலில் தூக்கிப் பூட்டினேன்,
அது அடித்தால் எல்லாம் அதிரும்.
கறுப்பு அட்டையால் குழாயின் வாயை மூடி,
ஷட்டரைத் திறந்து,
பத்து எண்ணி,
அட்டையை எடுத்தேன்.

பதினெட்டு நிமிடம்.
சின்னக் குழாயில் கண்ணை ஒட்டி
குறுக்குக்கோட்டில் ஒரு நட்சத்திரத்தை
நழுவாமல் பிடித்து வைத்திருந்தாள் நிரஞ்சலா,
நுளம்பு கடித்தும் கன்னத்தைத் தொடாமல்.

ஒன்பதாவது நிமிடம் கடற்படை ஜீப்.
வெளிச்சம் எங்கள் பக்கம் திரும்புமுன் அட்டையைப் போட்டேன்.
இறங்கிய பையன் குழாயைப் பார்த்தான், சாக்ஸைப் பார்த்தான்,
எங்கள் இருவரையும் பார்த்தான்.
"தரு," என்று விரல் நீட்டினேன்.
எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.
நிமிர்ந்தான்.
எது என்று கேட்கவில்லை. தலையாட்டினான்,
அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.
லைட்டை அணைத்தே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

மீதி ஒன்பது நிமிடம்.

குசினியில், ஐஸ் போட்ட தண்ணீரில் கழுவினேன்.
ஆறுக்கு ஏழு சென்ரிமீற்றர் ஃபிலிமை
நிறைக்கக் குழாயின் வெளிச்சம் காணவில்லை.
நடுவில் வட்டம், நாலு மூலையும் வெறுமை.
வெட்டிவிடு என்றாள். விட்டுவிட்டேன்.
பிரிண்டில் பார்த்தால் வானம் முழுக் கறுப்பு இல்லை,
துறைமுகத்து வெளிச்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது.
மூலைகள்தான் கறுப்பு. அது குழாயின் இருட்டு.

நடுவில் வசிட்டரும் அருந்ததியும்,
அரை நெல்மணி இடைவெளியில்.
அந்த இடைவெளியில், சற்று விலகி,
எந்த மண்டபத்திலும் யாரும் காட்டாத மூன்றாவது ஒன்று.

ஜவாத் படத்தை வெயிலுக்குப் பிடித்தான்.
"தூசி ஒன்று விழுந்திருக்கே," என்று
பெருவிரலால் துடைத்தான்.
கிறீஸ் ஒட்டியது.
தூசி போகவில்லை.