மீந்துபோன ஒரு மணி நேரம்

மின்கட்டண உறையின் முதுகில் எழுதியிருந்தேன்:
பாட்டில்கள். மேல்கோட்டுக்குப் பொத்தான், பழுப்பு, நான்கு துளை.
உல்ரிக்கின் துளைக்கருவியைத் திருப்பிக் கொடுக்க.
ஞாயிறுக்கு ரொட்டி.
அடியில், வேறு பேனாவில்,
ஆகஸ்டிலிருந்து உறை மாறி உறை மாறி வரும் ஒரு வரி:
டூலிப் கிழங்கு.

ஞாயிறன்று கேர்லிட்ஸில் கடை திறக்காது.
சுவரில் ஆணி அடித்தால்
கீழ்வீட்டு பெட்சோல்ட் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டுவார், அதாவது என் தரையை.
எனவே எல்லாம் சனிக்கிழமையின் தலையில்.

பாட்டில் இயந்திரத்துக்கு முன் வரிசை.
முன்னால் நின்ற பையன்
யாருடையதோ பிறந்தநாளின் மிச்சத்தை
மூன்று மூட்டையாகக் கட்டி வந்திருந்தான்.
இயந்திரம் ஒவ்வொன்றாய் விழுங்கியது.
நசுங்கிய ஒன்றை மட்டும் துப்பியது.
அவன் அதை வாயில் வைத்து ஊதினான்,
கன்னம் சிவக்க.
புடைத்தது. உள்ளே போனது.
இருபத்தைந்து சென்ட்டுதான்,
வரிசையே ஒரு கோல் போட்டதுபோல் தலையாட்டியது.

என் சீட்டில் மூன்று யூரோ ஐம்பத்தெட்டு:
பதினான்கு தண்ணீர், ஒரே ஒரு பீர்.
என் இரண்டு வாரத்தை
இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

பொத்தானுக்குப் பாலம் தாண்ட வேண்டும்.
நைசே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போலந்து;
நாடு மாற ஐந்து நிமிடம்,
வியெஸ்வாவாவின் இழுப்பறைகளில் பழுப்பைத் தேட நாற்பது.
நான்கு துளை கிடைக்கவில்லை.
"இரண்டு துளையும் மூடத்தான் செய்யும்" என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
உல்ரிக் வீட்டில் இல்லை.
அவனுடைய துளைக்கருவி என் தோளில் தொங்கி
வெளிநாடு போய்த் திரும்பியது.

மாலையில் ஹீட்டருக்குக் காற்றுப் பிடுங்கினேன்.
சின்னச் சாவி, அரைத் திருகு,
அடியில் காதுடைந்த காபிக் கோப்பை.
கோடை முழுக்க அடக்கிவைத்த மூச்சை
நிதானமாக விட்டது. பிறகு
கறுப்பாய் இரண்டு சொட்டு.

எங்கள் படிக்கட்டுக்கு ஒரு மரப்பலகை உண்டு.
யார் கதவின் கைப்பிடியில் தொங்குகிறதோ
அந்த வாரம் அவர்கள் கழுவ வேண்டும்.
எதிர்வீடு மார்ச்சிலிருந்து காலி.
இருந்தும் பலகை முறை தவறாமல் அங்கே போகிறது,
ஏழு நாள் தொங்குகிறது,
திங்களன்று அடுத்த கதவுக்கு நகர்கிறது.
அந்த வாரத்துத் தூசியைப் பற்றி
இந்தக் கட்டடத்தில் ஒருவரும் பேசுவதில்லை.
இது அந்த வாரம்.

மூன்று மணி மறுபடி இரண்டாகும் இரவு.
கைபேசி தானாய் மாறிக்கொள்ளும்,
அடுப்புக் கடிகாரத்தை நான்தான் திருப்ப வேண்டும்.
அந்த நினைப்பே எழுப்பிவிட்டது.
திருப்பினேன். பச்சை எண்களில்
சற்றுமுன் முடிந்த மணி
புதிதாய் நின்றது.

வாரநாட்களில் ட்ராம் ஓட்டுகிறேன்.
ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு நிறுத்தம் பதில் சொல்லும்.
இந்த அறுபது நிமிடத்தை மட்டும்
எந்த அட்டவணையும் கேட்கவில்லை.
மார்ச்சில் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள்,
கடன்தான்; தெரியும்.

வாளியில் வெந்நீர் பிடித்தேன்.
காலுறையோடு, விளக்கைப் போடாமல்,
காலி வீட்டு வாசலில் தொடங்கி
ஒவ்வொரு படியாய்ப் பின்னோக்கி இறங்கித் துடைத்தேன்.
ஈரத்துணிக்குச் சத்தமில்லை என்றிருந்தேன்.
பெட்சோல்டின் கதவு திறந்தது.
கோடுபோட்ட இரவுடை, மூக்கில் கண்ணாடி.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார்.
"மணி இரண்டு இருபது. இரண்டாம் தடவை" என்றேன்.
யோசித்தார்.
சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று
மனசுக்குள் பக்கம் புரட்டுவது தெரிந்தது.
"அந்த மூலை விட்டுப்போயிருக்கு" என்று காட்டிவிட்டு
மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

விடிந்தபோது படிகள் காய்ந்திருந்தன.
பொத்தானைத் தைத்தேன், மற்ற மூன்றோடு
ஒட்டாமல்தான் இருக்கிறது.
ரொட்டியை வெட்டும்போது உறையைப் பார்த்தேன்.
டூலிப் கிழங்கு.
புது உறை எடுத்து
இந்தமுறை முதல் வரியாய் எழுதினேன்.
மண் உறைய
இன்னும் மூன்று வாரமாவது இருக்கும்.