ஐம்பத்தாறு

மின்பலகை மூன்றாம் சுற்றிலேயே செத்துப்போனது.
பீடோரில் நாலு மணிக்கு இடி இறங்கும்.
கோலாலம்பூரிலிருந்து வந்தவர்களுக்கு
அதை யாரும் சொல்லவில்லை.
சீனர் சங்க மண்டபத்தின் மூலையிலிருந்து
ஒரு கரும்பலகையை உருட்டி வந்தார்கள்.
'கணக்கு தெரிஞ்சவங்க யாராச்சும்?' என்றது மைக்.
என் பக்கத்து நாற்காலிக்காரி
என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருடமாகக் கழிக்கிறேன்.
குலையோடு லோரி, அதில் போக வெறும் லோரி.
இங்கேயும் அதேதான்.
ஐந்நூற்று ஒன்றில் தொடங்கி
ஒன்றுமில்லாமல் போக வேண்டும்,
கடைசி அம்பு இரட்டை வளையத்தில்.
ஒரு புள்ளி கூடினாலும் செல்லாது.

காலையில் அறுபத்து நாலு பேர்.
மார்பும் முதுகும் விளம்பரமாய்
ஹாங்காங் பையன் ஒருவன்
மதியச் சோற்றுக்கு முன்பே பெட்டியைக் கட்டினான்.
ஈப்போ பல்மருத்துவர்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே
கால் இறுதிவரை வந்துவிட்டார்.
அவரைத் தோற்கடித்தவன் அப்பலசாமி.
வார நாளில் என் மேடையில் ஏறும் பச்சை லோரி அவனது.
போன வருடம் கடன் வாங்கித்
தொழில்முறை அட்டை எடுத்தான்.
எடைச்சீட்டைப் படிக்காமலே மடித்துப்
பையில் போடும் ஒரே டிரைவர்.

இறுதியில் எதிரே டெல்பின்,
பிலிப்பைன்ஸ்காரர், நரைத்த மீசை.
ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால்
தரையில் எதையோ தேடுவதுபோல் குனிவார்.
ஆளுக்கு ஐந்து ஆட்டம். மிச்சம் ஒன்று.
துத்தநாகக் கூரையில் மழை.
எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு.

அவர் முப்பத்திரண்டில் நிற்கிறார்.
அப்பலசாமி நூற்று நாற்பத்தொன்றில்.
எறிந்தான்.
மும்மடங்கு இருபது. அடுத்து வெறும் இருபது.
மூன்றாவது வழுக்கி ஐந்தில்.
எண்பத்தைந்து.
கழித்து எழுதினேன். நாற்பத்தாறு.

மண்டபத்தில் முந்நூறு பேர்.
நடுவருக்கு அந்த நேரம் பார்த்து ஏப்பம்.
டெல்பின் குனிந்தார், நிமிர்ந்தார்,
மூன்று அம்பும் வளையத்துக்கு வெளியே.
யாரும் பலகையைப் பார்க்கவில்லை.
நானும்தான்.

அப்பலசாமி கோட்டுக்கு வந்தான்.
எறியவில்லை.
இடது கையால் ஐந்து விரல் விரித்தான்,
மடக்கி, மறுபடி ஐந்து, கூட ஒன்று.
'அம்பத்தாறு' என்றான்
கடையில் சில்லறை குறைந்ததைச் சொல்வதுபோல்.

கட்டைவிரலால் நாலை அழித்தேன்.
ஐந்து எழுதும்போது சாக்கு உடைந்தது.

பதினாறு அடித்தான். மிச்சம் நாற்பது.
இரட்டை இருபதுக்கு எறிந்த இரண்டாவது
கம்பிக்கு மேலே, மயிரிழை.
மூன்றாவது கம்பியிலேயே மோதித்
தரையில் விழுந்து உருண்டது.
முந்நூறு பேரும் சேர்ந்து விட்ட ஒரு மூச்சு
மழையைவிடப் பெரிதாய்க் கேட்டது.

டெல்பினுக்கு இரண்டு அம்பு போதுமாயிருந்தது.
பதினாறு. பிறகு இரட்டை எட்டு.
சுழியம் போட்டேன்.
அவர் அப்பலசாமியைக் கட்டிக்கொண்டு
அவர் மொழியில் எதையோ சொன்னார்.
இவன் தெலுங்கில் பதில் சொன்னான்.

பத்தாயிரம் ரிங்கிட் மணிலா போகும்.
நாலாயிரம் கடன் கட்டும், பாதிக் கடன்.
நாசி லெமாக் கடையில் ராத்திரி முழுக்க
நேர்மை நேர்மை என்றார்கள்.
அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்:
'அட போங்கடா. நாப்பத்தாறுன்னா
முதல்ல ஆறு அடிக்கணும்.
அந்தப் பக்கம் எனக்கு வரவே வராது.'

பொய்யா தெரியவில்லை.
முகத்தைப் பார்க்கப் பார்க்க
கூடுதலாய்த் தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஏழே கால்.
பச்சை லோரி மேடையில் ஏறியது.
கழித்தேன். திரும்பக் கழித்தேன்.
கணினி போட்ட கணக்கையே
விரல்விட்டும் ஒருமுறை.
ஜன்னல் வழியே சீட்டை நீட்டினேன்.

மடிக்கவில்லை அவன்.
என்ஜினை அணைத்தான்.
பின்னால் நாலு லோரி ஹாரன் அடிக்க,
மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை,
உதடு அசைய அசைய,
படித்துக்கொண்டிருந்தான் பாவி.