நாரைக்கு எத்தனை ஓட்டு

மார்ச் முதல் வாரம். படகு ஒரு நாள் பிந்திப் புறப்பட்டது.
ஷெட்லாந்தின் வடக்குத் தீவுகளுக்கு
நூலக வண்டி ஓட்டிப் போகிறவன் நான்.
பின்னால் ஆயிரத்து எண்ணூறு புத்தகம், குலுங்கிக் குலுங்கி.
முன்னிருக்கையில், சீட் பெல்ட் போட்டு,
ஒரே ஒரு அட்டைப்பெட்டி:
பரிசுக்கான குறும்பட்டியலில் நின்ற ஆறு.

பள்ளியில் மொத்தம் பதினான்கு பிள்ளைகள்.
ஹால்க்ரோ டீச்சர் கத்தரிக்கோலால் பெட்டியைக் கீறியதும்
பதினான்கு தலைகளும் உள்ளே போயின,
தீவனத் தொட்டிக்குள் ஆடுகள் மாதிரி.

துப்பறியும் நாய் ஒன்று, குசு விட்டே திருடனைப் பிடிக்கும்.
(பாதி ஓட்டு அப்போதே விழுந்தாயிற்று.)
எரிமலைகள் பற்றி ஒன்று.
நிலாவில் பல் விழுந்த சிறுமி.
ஒரே பொய்யை இரண்டு விதமாய்ச் சொல்லும் இரட்டையர்.
காலுறை திருடும் காற்று.
ஆறாவதில் ஒரு நாரை நிற்கும்.
பக்கத்தைப் புரட்டினால், நிற்கும்.
மழை வரும், நிற்கும்.
இருபத்து மூன்றாம் பக்கத்தில்தான் ஒரு மீன்.

விதி எளிது: ஆறில் குறைந்தது நான்கு
படித்தவருக்கே ஓட்டு.
தேதி முத்திரையையும் மைப்பெட்டியையும் கொடுத்துவிட்டு
நான் படகுக்கு ஓடினேன்.
மற்றதில் பாதி டீச்சர் சொன்னது,
பாதி முத்திரைகள் சொன்னது.

ராஸ்மிக்கு ஒன்பது வயது.
அப்பாவுக்கு சால்மன் பண்ணையில் வேலை.
எழுத்துகள் அவனுக்கு ஒருநாளும் வரிசையில் நின்றதில்லை,
பிடிக்கப் போனால் வேலி தாண்டும்.
நாரையை எடுத்துப் போனான். கொண்டுவந்தான்.
மறுபடி எடுத்தான்.
பக்கத்துக்கு ஏழு சொல்,
சில பக்கங்களில் அதுவும் இல்லை,
தண்ணீர் மட்டும்.
அந்தப் பறவை அவனை ஒரு முறையும்
சீக்கிரம் என்று சொல்லவில்லை.

மே மாதம், ஓட்டு நாள்.
எத்தனை படித்தாய்?
ஒன்று.
பொய் சொல்லியிருக்கலாம்;
இரட்டையர் கதையைப் படித்திருந்தால்
எப்படி என்றாவது தெரிந்திருக்கும்.
ஒன்றுதானா?
ஒன்று. ஒன்பது தடவை.
ஒன்பது நான்கைவிடப் பெரிது என்று வாதாடினாள் ஓஸ்லா.
அது வேற கணக்கு என்றான் எர்ட்டி.
டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துவிட்டு
பிஸ்கட் டப்பாவை ராஸ்மியிடம் நீட்டினாள்.
நீ எண்ணு.

பதின்மூன்று சீட்டு.
பெயர்கள் நீளமென்று எல்லோரும்
படம்தான் வரைந்திருந்தார்கள்,
அதனால் அவன் எங்கும் தடுக்கவில்லை.
நாய் ஏழு. எரிமலை மூன்று. காற்று இரண்டு. நிலா ஒன்று.
இரட்டையருக்கு ஒன்றுமில்லை,
விழுந்ததென்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான்.
பிஸ்கட் தூள் விழுந்தது.

கரும்பலகையில் நாரைக்கு நேராக ஒரு சுழி.
அவசரமில்லாமல்,
சாக்பீஸ் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை.
அவன் கையிலிருந்து அவ்வளவு வட்டமாய்
எதுவும் வந்ததில்லை என்றாள் டீச்சர்.

ஜூனில் நிஜமான பரிசு எரிமலைக்குப் போனது.
நாய்க் கட்சிக்காரர்கள்
மதியச் சாப்பாடு வரைக்கும் துக்கம் காத்தார்கள்.

பெட்டியைத் திரும்ப வாங்கி
வண்டிக்குள் உட்கார்ந்து சரிபார்த்தேன்.
நாயின் முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது.
எரிமலையில் ஜாம்.
நாரையின் தேதிச் சீட்டில் ஒன்பது முத்திரை,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
கீழே பத்தாவதாக ஒன்று, போன வாரத்தது,
தலைகீழாய், மை வழிய,
பக்கத்தில் பென்சிலில்: ஓஸ்லா.

பதினேழாம் பக்கத்தில் ஒரு மீன்செதில்
ஒட்டிக் காய்ந்திருந்தது.
அடையாளத்துக்கு வைத்தானா,
அப்பாவின் கையுறையிலிருந்து உதிர்ந்ததா, தெரியாது.
சுரண்டி எடுத்துத் துடைக்க வேண்டும்.
அதற்கென்று துணியே வைத்திருக்கிறேன்.

படகு ஊதியது.
நாரை இன்னும் மீனைப் பார்க்கவில்லை,
ஆறு பக்கம் இருக்கிறது.
மெதுவாக மூடி
முன்னிருக்கையில் வைத்து
பெல்ட்டை மாட்டினேன்.