சீட்டு உயரம்

எனக்கு இரண்டு சைக்கிள்.
ஒன்று வண்டிப்பாளையத்து வீட்டிலிருந்து
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.
இன்னொன்று, இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி,
பாண்டிச்சேரியில் தேசிங்கின் ஸ்டாண்டில்
கழுத்தைச் சாய்த்தபடி நிற்கும்.
ஒன்றையொன்று பார்த்ததில்லை.
கடலூர்க்காரிக்குச் செயின் கவர் உண்டு, மணி இல்லை.
பாண்டிக்காரிக்கு மணி மட்டும்தான் ஒழுங்கு.
நடுவில் பஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஆரம்பிக்கிற தூக்கம்
ரெட்டிச்சாவடிக் குலுக்கலில் கலையும்.
மாநிலம் மாறியது
பிராந்திக்கடை போர்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்கி, பூட்டைத் திறந்து,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எட்டு நிமிஷம்.
ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.
லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு.
மயிரிழை பிசகினாலும் விரல் சொல்லிவிடும்.
அந்தத் திங்கட்கிழமை
ஏறி உட்கார்ந்ததுமே முழங்கால் சொன்னது:
சீட்டு இறங்கியிருக்கிறது.

ஸ்பேனர் கேட்டு வாங்கி ஏற்றினேன்.
செவ்வாய், மறுபடி இறங்கியிருந்தது.
புதன், கைப்பிடியில் வெள்ளையாய் ஏதோ.
முகர்ந்து பார்த்தேன், மைதா.

தேசிங்கு டோக்கன்களை எண்ணுகிற மாதிரி
என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.
மழை வந்தால் உள்ளே தள்ள
சாவி ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்தது நான்தான்.
"ராத்திரி சும்மாதானேம்மா நிக்குது.
உங்க ஊர்லேர்ந்துதான் வர்றாரு, பேக்கரி வேலைக்கு.
நீங்க வர்றதுக்குள்ள விட்டுட்டு
பஸ் ஏறிடுவாரு."

அன்று சாயங்காலம் கன்னியக்கோயில் வரைக்கும்
மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.
அப்புறம் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பையில் நெயில் பாலிஷ்.
'எடுக்காதே' என்று எழுதத்தான் கொண்டுபோனேன்.
சீட்டுக் கம்பியில் அவ்வளவுக்கு இடமில்லை.
என் உயரத்தில் சிவப்பாய் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை
சீட்டு சரியாகக் கோட்டில் நின்றது.
ஒரு விரலகலம் மேலே
நீலப் பேனாவில் இன்னொரு கோடு.
என்னைவிடக் குட்டை, கோடு எப்படி மேலே?
கம்பி உள்ளே இறங்குமில்லையா,
இதை யோசிக்கவே ஒரு பஸ் பயணம் ஆனது.

போன மாதம் புது பிரேக் கட்டை. நான் மாட்டவில்லை.
செயினுக்கு எண்ணெய் விட்டது நான்.
பெயர் கேட்கவில்லை.
தேசிங்கும் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தே பேசுகிறார்.

சாயங்கால பஸ்ஸில் வலது பக்க ஜன்னலுக்கு
முண்டியடித்து ஏறுகிறேன்.
கிருமாம்பாக்கத்தில் நெரிசல்.
எதிரே பாண்டிக்குப் போகிற பஸ்
கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நகர்கிறது.
வரிசையாக முகங்கள்.
இதில் ஒருவர் போய்த்தான்
அந்தச் சீட்டை ஒரு விரல் இறக்க வேண்டும்.
யார் என்று பார்க்கிறேன்.
எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
உட்கார்ந்திருக்கிறவர்களின் உயரம்
தெரிவதில்லை.